ஏழு சாக்கு நார்

வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் ஊரிலிருந்து என் மனைவி பொன்னழகு கூப்பிடுவாள். மஸ்கட்டில் எனக்கு அன்றுதான் லீவு. அந்த வெள்ளிக்கிழமை போனில் அவள் முகத்தைக் காட்டவில்லை. கேமராவைத் திருப்பி மல்லிகைச் செடிகளைக் காட்டினாள். இலை ஓரமெல்லாம் தீயில் வாட்டினது போலக் கருகியிருந்தது.

"எத்தன செடி போச்சு?"

"நிக்கிறத எண்ணிக்கிருங்க. அது லேசு."

பேகம்பூர் தாண்டி, தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவு ஓடுகிற வாய்க்காலை ஒட்டி எங்கள் நிலம். கிணற்றுத் தண்ணீர் கடுங்காப்பி நிறத்துக்கு மாறிப் பத்து வருசமாகிறது. பாய்ச்ச வழியில்லாமல்தான் நான் இங்கே தண்ணீர்த் தொட்டி கழுவ வந்தேன். கிணறு தெளிந்தால் அடுத்த விமானத்தில் வந்துவிடுவேன் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். சொல்லி ஆறு வருசம்.

போன வருசம் தை மாதம், கல்லூரியில் ஆராய்ச்சி செய்யும் விக்னேஷ்குமார் வந்து இரண்டு பெரிய டிரம் வைத்தார். தேங்காய் நாரை அமுக்கி அடைத்து, கிணற்றுத் தண்ணீரை அதற்குள் விட்டார். கீழே குழாயில் வந்ததைப் பொன்னழகு கண்ணாடித் தம்ளரில் பிடித்துக் காட்டினாள். தண்ணீருக்குப் பின்னால் அவள் விரல்ரேகை தெரிந்தது. அன்றைக்கே சூப்பர்வைசரிடம் போய், ஊருக்குப் போக டிக்கெட் எப்போது கிடைக்கும் என்று கேட்டேன்.

அந்தத் தண்ணீரை நம்பி நிலக்கோட்டையிலிருந்து பதியன் வாங்கி இருநூறு செடி நட்டாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை டிரம்மில் நாரை மாற்ற வேண்டும். "பழச ஓரமா வைங்கக்கா, நான் வந்து எடுத்துக்கிறேன்" என்றிருந்தார் விக்னேஷ்குமார். ஆராய்ச்சி முடிந்தது. சென்னையில் வேலை கிடைத்துப் போய்விட்டார். பழைய நார் மட்டும் சேர்ந்துகொண்டே இருந்தது.

இந்தச் சித்திரையில்தான் கேட்டாள். "ஏங்க, இந்த நார என்ன செய்ய?"

"அம்புட்டையும் செடித் தூர்ல போடு. வெயிலுக்கு ஈரம் காக்கும்ல" என்றேன். எங்கள் பக்கம் எல்லாரும் செய்வதுதான். யோசித்துச் சொன்னதுகூட இல்லை. தண்ணீரில் இருந்த விஷம் எங்கே போனது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. போய்விட்டது என்றே நினைத்திருந்தேன்.

இலை கருகத் தொடங்கியதும் அவள் விக்னேஷ்குமாருக்குப் போன் போட்டிருக்கிறாள். பழைய நாரை என்ன செய்தீர்கள் என்று அவர் முதலில் கேட்டாராம். அப்புறம், "தண்ணியில இருந்ததெல்லாம் அந்த நார்லதான்க்கா இருக்கு" என்றாராம்.

"நாந்தான போடச் சொன்னேன்" என்றேன்.

"போட்டது நாந்தான. புள்ளைக்குப் போத்திவிடுற மாதிரி ஒவ்வொண்ணுக்கும் அணைச்சு அணைச்சுல வச்சேன்."

தூரில் கிடந்ததையெல்லாம் திரும்பப் பொறுக்கி ஏழு சாக்கில் கட்டி வாசலில் வைத்திருந்தாள். எரிக்கவும் கூடாதாம், புதைக்கவும் கூடாதாம். குப்பை வண்டிக்காரர் தொடமாட்டேன் என்றுவிட்டார்.

"டிரம்மு?"

"தண்ணி இப்பவும் கண்ணாடியாட்டம்தான் வருது. நாந்தான் குழாய அடைச்சுட்டேன். இன்னும் ஏழு சாக்கு நார் சேந்தா எங்க கொண்டுபோய் வைக்க?" பிறகு அவளே கேட்டாள். "டிக்கெட் கேட்டிருந்தீங்களே, என்ன ஆச்சு?"

"சூப்பர்வைசர்கிட்ட இன்னொருக்காக் கேக்கணும்" என்றேன்.

"சரி விடுங்க. அங்க சோத்துக்கு வெஞ்சனமாச்சும் ஒழுங்காப் போடுறானா?"

அதற்குள் தகரக் கூரையில் பொட்டுப் பொட்டென்று சத்தம். "ஆத்தாடி, மழை! சாக்கு நனைஞ்சா எல்லாம் மண்ணுக்குள்ள எறங்கிரும்" என்று போனை ஜன்னலில் சாய்த்துவிட்டு ஓடினாள்.

வீட்டின் உள்பக்கம் தெரிந்தது. கூரை ஒழுகித் தரையில் அதற்குள் ஈரம் பரவியிருந்தது. ஒழுகாத மூலையில் நான் படுக்கும் கட்டில், ஆறு வருசமாக விரிப்பு மாறாமல். அவள் ஒவ்வொரு சாக்காக இழுத்துவந்து, முட்டுக்கொடுத்து, கட்டிலில் ஏற்றினாள். நான் கூப்பிட்டது மழையில் அவளுக்குக் கேட்கவில்லை. ஏழாவது சாக்குக்கு இடமில்லை. செத்த நேரம் இடுப்பில் கைவைத்து நின்றாள். பிறகு தலையணையை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் அந்தச் சாக்கைச் சாய்த்து வைத்தாள்.