உயர்வுப் பன்மை

பென்னாகரத்தைக் கடந்து காவிரியை நோக்கிச் சரிந்திறங்கும் சாலையின் இருமருங்கும், தலைமுறை பல கண்ட புளியமரங்கள் கிளையோடு கிளை கோத்து நிழற்பந்தல் சமைத்து நிற்க, பங்குனி வெயில் அப்பந்தலின் துளைகளூடே உருக்கிய வெண்கலம் ஒழுகினாற்போல் மண்ணில் வந்து வீழ, மேற்கே மலைத்தொடர் புகை படிந்த அடுக்களைச் சுவர்போல் மங்கிக் கிடந்த முற்பகல் வேளை அது. காண்பார்க்கு இனிய காட்சிதான், கற்றறிந்த அன்பரே. ஆயினும் அம்மரங்களின் காயை உடைத்து, நாரைக் களைந்து, கொட்டையைத் தட்டி எடுக்கும் பெண்டிர்க்கு அதனை நிமிர்ந்து காண முதுகு இடங்கொடுப்பதில்லை. புளி மண்டிக்காரர் ஒருவரின் சாலையோரக் களத்தில், தகரக் கூரையின் வெம்மை உச்சந்தலையில் இறங்க, முன்னே ஒரு கல்லும் கையில் ஒரு சிறு சுத்தியலுமாக அவர்கள் வட்டமிட்டு அமர்ந்திருந்தனர். விரலிடுக்கில் புளிப்பேறி வெடித்த தோலை எவளும் பெரிதாக எண்ணவில்லை.

அவ்வட்டத்தில் சந்தியாவும் அமர்ந்திருந்தாள். சிறுமியாய் இருந்தகாலைப் பள்ளி விடுமுறைதோறும் தாயின் அருகே இதே களத்தில் கொட்டை தட்டியவள். இன்று தொலைநகர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் மொழியியலில் முனைவர் பட்டத்திற்கு ஆய்பவள். தாய் இறந்தாள், இருந்த வீடும் பிறர் கைக்குப் போயிற்று, ஆதலின் பிறந்த ஊரிலேயே வாடகை அறையில் தங்கி நாள்தோறும் களத்திற்கு வந்தாள். உழைக்கும் பெண்கள் தமக்குள் ஒருவரையொருவர் எங்ஙனம் விளிப்பர், எவளை 'நீ' என்பர், எவளை 'நீங்க' என்பர், எப்போது 'டி' ஒட்டும், எப்போது 'ங்க' ஒட்டும் என்பதே அவள் ஆய்பொருள். ஆய்வுத் திட்டத்தின் முகப்பில் அவள் ஒரு தொடர் எழுதியிருந்தாள்: 'ஆய்வாளர் இம்மக்களுள் ஒருவர், ஆதலின் அவர் முன்னிலையில் பேச்சு இயல்பு திரியாது.' அவளுடைய நெறியாளர் அத்தொடர் ஒன்றை நம்பியே அந்தத் தலைப்பை ஏற்றார். "நீங்க வெளியாள் இல்லங்கறதுதாம்மா இந்த ஆய்வுக்கு உயிரு" என்று தொலைபேசியில் அடிக்கடி நினைவூட்டவும் செய்தார்.

அந்த உயிர்தான் போய்க்கொண்டிருந்தது. அவள் மடியருகே கிடந்த ஒலிப்பதிவுக் கருவியில் நாள்நாளாகச் சேர்ந்தவை அனைத்தும் 'ங்க'வே. அவளிடம் மட்டுமன்று, அவள் இருக்கையில் அவர்கள் தமக்குள்ளும் 'அந்தக் கூடைய எடுங்க', 'தண்ணி குடிங்க' என்று, மணவீட்டில் முதன்முறை சந்தித்த சம்பந்திகள்போல் பேசினர்.

"இதுல நாம பேசறது கவர்மெண்டுக்குப் போவுங்களா?" என்று முதியவள் செல்லம்மாள் ஒருமுறை கருவியைக் கண்ணால் காட்டிக் கேட்டாள்.

"போவாது, பெரிம்மா."

"மண்டிக்காரன் காதுக்குப் போவாத வரைக்கும் சரிங்க."

ராமக்காவின் 'ங்க'தான் சந்தியாவுக்கு முள்ளாய்த் தைத்தது. இருவரும் ஒத்த அகவையினர். ஒரே கல்லில் மாறிமாறித் தட்டியவர். ஒரு நாளைக்கு நூறு முறை 'வாடி, போடி' என்று ஏசிக்கொண்டவர். சந்தியா நூல்களோடு போனாள். ராமக்கா கல்லோடு இருந்தாள். இன்று அவள் இரு பிள்ளைகளின் தாய். சந்தியாவைக் கண்டதும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு 'வாங்க' என்றாள்.

ஒருநாள் சந்தியா கருவியை அணைத்தாள். கேட்டுப் பெறும் சொல் ஆய்வுக்கு ஆகாது என்பதை அறிந்திருந்தும், கேட்டாள்.

"ராமக்கா, என்ன பழையபடி கூப்புடேன். இந்த வாங்க போங்க வேணாம்."

"ஐயே, அதெப்படிங்க?"

"கூப்புடு. எனக்காவ."

ராமக்கா நெற்றியைச் சுருக்கினாள், கனத்த மூட்டையைத் தூக்குமுன் போல மூச்சை உள்ளிழுத்தாள், பின்னர், "சரிங்க... வாடி!" என்றாள்.

களம் முழுதும் சிரித்தது. "சரிங்க வாடியா! டீச்சரம்மாவ வாடின்னுட்டியே, ஒன் நாக்கு வேவப் போவுது பாரு!" என்று செல்லம்மாள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சந்தியாவும் உடன் சிரித்தாள்; சிரித்தபடியே சுத்தியலை ஓங்கினாள்; பழக்கம் விட்ட கை, கொட்டையைத் தப்பவிட்டுக் கட்டைவிரலில் இறங்கிற்று.

"கண்ண எங்கடி வெச்சிக்கினு தட்டற, எருமை!" என்று ராமக்கா கத்தினாள், தாவி வந்து அவ்விரலைத் தன் வாய்க்குள் வைத்துக் குருதியை உறிஞ்சித் துப்பினாள். அடுத்த நொடியே முகம் மாறி, "ரொம்ப வலிக்குதுங்களா?" என்றாள்.

பல ஆண்டுகளாக எவரும் தராத அச்சொல் வந்ததும் போனதும் ஒரு மூச்சுக்குள் முடிந்தன. கருவி அணைந்து கிடந்தது. அறைக்குத் திரும்பிய சந்தியா, வீங்கிய விரலை நீரில் அமிழ்த்திக்கொண்டு அந்த 'எருமை'யை மீண்டும் மீண்டும் தன் வாயாலேயே சொல்லிப் பார்த்தாள். தன் வாயில் அது பிணம்போல் கிடந்தது.

மறுநாள் கருவி விழித்திருந்தது. பெண்கள் குனிந்து தட்டிக்கொண்டிருந்தனர். சந்தியா சுட்டுவிரலைக் கல்மேல் வைத்தாள். ஆய்வுக்காகவா, அந்தச் சொல்லுக்காகவா என்று வினவியிருந்தால் அவளுக்கே விடை தெரிந்திராது. அடித்தாள்.

"ஐயய்யோ, பாத்துங்க!" என்றாள் ராமக்கா.

நேற்றுத் தாவியவள் இன்று தாவவில்லை. கல்லில் சிதறிய குருதியையும், கொட்டை ஏதும் இல்லாத அந்தக் கல்லையும், சந்தியாவின் முகத்தையும் முறையே பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது.

"வேணும்னே அடிச்சிக்கிட்டீங்க, இல்லீங்களா?"

சந்தியா அவ்விரலை மடக்கி மடியில் மறைத்தாள்.

"எங்களுக்கு இது பொழப்புங்க. இதுல வெளயாடாதீங்க." அக்குரலில் சினமும் இல்லை, இரக்கமும் இல்லை, அயலானொருவனுக்கு வழி சொல்லும் குரல் அது. சுத்தியலை அவள் கையினின்று மெல்ல எடுத்துக்கொண்டாள். தலைத்துணியில் ஒரு கீற்றுக் கிழித்து விரலைக் கட்டினாள். பின் மண்டிக்காரரின் அறைக்குள் சென்று, அவர் கணக்குப் பார்க்க அமரும் நெகிழி நாற்காலியைத் தூக்கி வந்து, வட்டத்திற்கு வெளியே சுவரோரம் போட்டு, முந்தானையால் தூசு துடைத்தாள்.

"இதுல ஒக்காந்து எவ்ளோ நேரம் வேணா கேளுங்க. கீழ வேணாம்."

சந்தியா அமர்ந்தாள். அமராமல் எழுந்து போயிருக்கலாம். போவதற்கு எந்த வீடும் இல்லை.

அப்போது நிகழ்ந்ததை என்னென்பது! நாற்காலியில் வீற்றிருப்போரை அப்பெண்கள் நெடுங்காலமாக அறிவர். அவர் கண்முன்னேயே அவரை மறந்து தம் பாட்டைப் பார்ப்பதும் அவர்களுக்குக் கைவந்த பழக்கம். அரைநாழிகை செல்லுமுன் களம் வாய் திறந்தது. "ஏண்டி ராமக்கா, எங் கூடையில கைய வுட்டியா?" "ஒங் கூடைய நாய் மோந்து பாக்குமா கெழவி, போ அந்தாண்ட!" "பேசுவடி, ஒம் மாமியார ஏச முடியாத வாயி எங்கிட்ட வந்து நீளுது." ஏச்சும் சிரிப்பும், 'டி'யும் 'நீ'யும் மழை பெய்து ஓய்ந்தபின் ஓடையில் நீர் வருவதுபோல் வந்தன. கருவி அனைத்தையும் பருகிற்று. எந்த ஆய்வாளரும் கனவிற் காணும் பேச்சு அது.

ஆய்வு பிழைத்துக்கொண்டது. அன்று மாலை சந்தியா கட்டுப்போட்ட விரலோடு ஆய்வுத் திட்டத்தின் முகப்பைத் திறந்து, 'இம்மக்களுள் ஒருவர்' என்ற தொடரை அழித்தாள், 'ஆய்வாளர் வெளியாள், அவர் இருப்பை மக்கள் பொருட்படுத்தவில்லை' என்று எழுதினாள். நெறியாளர் அத்திருத்தத்தைப் படித்து, இதுவே நேர்மை என்று பாராட்டினார். பாராட்டத் தக்கதுதான், அதில் பொய்யில்லை.

கல்வி மாந்தரை உயர்த்தும் என்று மேடைதோறும் முழங்குவோரை நாம் மறுப்பதற்கில்லை, அன்பரே. சந்தியாவையும் அது உயர்த்தியது. மண்ணில் அமர்ந்தோர்க்கு அவள் ஒன்றரை முழம் மேலே அமர்ந்து, அவர்கள் தமக்குள் எத்துணை அன்போடு ஏசிக்கொள்கின்றனர் என்பதை ஒரு சொல்லும் தவறாமல் எழுதிக்கொண்டிருந்தாள். அவளை ஏச அங்கு எவரும் இல்லை.