பியோ மான்சிக்கின் பேரில் பூசை

"அந்த நம்பருக்கு மட்டும் போன் போடாதீங்க, சிஸ்டர்."

பியோ மான்சிக் சொன்னதோடு நிற்கவில்லை. கையை நீட்டி அகத்தா சிஸ்டரின் கைபேசியை உள்ளங்கையால் மூடிவிட்டார். ஒரு கன்னியாஸ்திரீயின் கையைத் தொட்டுவிட்டோமே என்ற கூச்சம் அப்புறம்தான் வந்தது. ஆனாலும் கையை எடுக்கவில்லை. அந்த அறையில் இரண்டு பேர் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். கரி அடுப்பின் சூடு தரையின் ஒரு மூலைக்கு மட்டும்தான் எட்டும். அந்த மூலையைச் சிஸ்டருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, அவர் சில்லிட்ட பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"உங்க பொண்ணுதானே? பெத்த அப்பாவுக்காகப் புருஷன்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கித் தரமாட்டாளா?"

"அவன்கிட்ட எப்படிக் கேப்பா? அந்த வீட்டுல நான் செத்துப் போயிட்டேன், சிஸ்டர்."

"என்ன சொல்றீங்க?"

"நெஞ்சு வலி. கல்யாணத்துக்கு முன்னாடியே போயிட்டேன். நல்ல சாவுதான், யாருக்கும் தொந்தரவு இல்லை."

அவர் சிரித்தார். சிஸ்டர் சிரிக்கவில்லை.

மான்சிக் இஞ்சோன் துறைமுகப் பக்கம் கட்டட வேலை பார்த்தவர். முதலில் இடுப்பு போயிற்று, பிறகு சிறுநீரகம். ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ். அரசாங்கம் ஏழைகளுக்குத் தரும் மருத்துவ அட்டையில்தான் அவர் உயிர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே மகள் ஹேரான். தாயில்லாப் பெண், கெட்டிக்காரி. அவளுக்கு ஒரு வங்கிக்காரனோடு சம்பந்தம் கூடி வந்தபோது, மாப்பிள்ளையின் தாய் கேட்ட முதல் கேள்வி, அப்பா என்ன செய்கிறார் என்பது. மேட்டுக் குடியிருப்பில் ஒற்றை அறையில் அரசாங்க அரிசி சாப்பிடுகிறார் என்று எந்தப் பெண்தான் சொல்வாள்? இல்லாத அப்பனுக்கு இரக்கமாவது கிடைக்கும். இருக்கிற ஏழை அப்பனால் பெண்ணின் வாழ்வே போய்விடும்.

யோசனை சொன்னது மான்சிக்தான். "செத்துட்டார்னு சொல்லிடு, கண்ணு. அதுக்கு மேல ஒருத்தரும் கேள்வி கேக்க மாட்டாங்க." அவள் அழுதாள். பிறகு அப்படியே சொன்னாள்.

கல்யாணத்தன்று இருந்த ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு, மண்டபத்துக்கு எதிரே நூடுல்ஸ் கடையில் சன்னலோரமாக உட்கார்ந்திருந்தார். வெள்ளை உடையில் மகள் காரில் ஏறியதைப் பார்த்துவிட்டு, ஆறிப்போன கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார். அதில் அவருக்கு வருத்தம் இருந்ததாக யாரிடமும் சொன்னதில்லை.

வினை வந்தது வேறு வழியில். சில வருஷமாகக் கல்யாணத்தைப் பதிவு செய்யாமல் தள்ளிப்போட்டிருந்தவர்கள், வீட்டுக் கடனுக்காக இந்தக் குளிர்காலத்தில் பதிவு செய்தார்கள். உடனே அரசாங்கத்துக்கு மான்சிக்கின் மருமகன் தெரிந்துவிட்டான். வசதியான மருமகன் இருக்கிற ஆளுக்கு எதற்கு உதவி? சட்டத்துக்கு மகள் என்றால் மகள்தான். அவள் அப்பாவை அப்பா என்று கூப்பிட முடிகிறதா என்று அது கேட்பதில்லை. ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று மருமகன் கையெழுத்துப் போட்டால் ஒழிய, வசந்தத்தோடு அட்டை ரத்து.

அகத்தா சிஸ்டர் லேசில் விடுகிறவர் அல்ல. மேட்டின் அடிவாரத்தில் அவருடைய சபை நடத்தும் சாப்பாட்டுக் கூடத்தில் காலையெல்லாம் சூப் ஊற்றுவார். மதியம் வட்டார அலுவலகத்தில் போய்ச் சண்டை பிடிப்பார். அவருடைய சாம்பல் நிறக் கோட்டைக் கண்டாலே அங்கே சிலர் கழிப்பறைக்குப் போய்விடுவார்கள். 'பிள்ளை இருப்பது குற்றமா' என்று அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு, மேட்டு ஜனங்களோடு பனியில் நின்றார். அதிகாரி நல்ல மனிதர், வெளியே வந்து எல்லோருக்கும் சூடாக டீ கொடுத்துவிட்டு, "சட்டத்தை நானா எழுதினேன், சிஸ்டர்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

"விட்டுடுங்க, சிஸ்டர். டயாலிசிஸை நிறுத்திக்கறேன்," என்றார் மான்சிக்.

"அது தற்கொலை. பாவம்."

"செத்தவனுக்கு ஏது பாவம்?"

"விளையாடாதீங்க."

"விளையாடலை. அவ நல்லா இருக்கா. அது எனக்குப் போதும். போன் பண்ண மாட்டேன்னு சொல்லுங்க."

சிஸ்டர் கைபேசியைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "போன் பண்ண மாட்டேன்," என்றார். அந்த வாக்கை அவர் அட்சரம் பிசகாமல் காப்பாற்றினார்.

புத்தாண்டு கழிந்த மறுநாள் சிஸ்டர் மூச்சு வாங்க மேடேறி வந்தார். முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

"நேத்து பணக்காரங்க இருக்கிற சோங்டோ கோயில்ல புத்தாண்டுப் பூசைக்குப் போயிருந்தேன், நம்ம கூடத்துக்கு நன்கொடை கேக்கறதுக்காக. சாமியார் குடும்பம் குடும்பமா இறந்தவங்க பேரை வாசிக்கிறார். நடுவுல, 'பியோ மான்சிக் யோசேப்பு'ங்கறார். பியோங்கற குடும்பப் பேரு ஊருல எத்தனை பேருக்கு இருக்கு? நிமிர்ந்து பார்த்தா, உங்க பேருக்கு எழுந்து நின்னு தலை குனியறது யார் தெரியுமா? தெரேசா அம்மா. வருஷா வருஷம் நமக்குக் கிம்ச்சி போட்டு அனுப்பறாங்களே, அவங்க. பக்கத்துல, நீங்க காட்டின போட்டோவுல இருந்த உங்க ஹேரான்."

மான்சிக்கின் கை தானாகச் சுவரோரம் இருந்த கிம்ச்சி ஊறுகாய் டப்பாவின் மேல் போயிற்று. உப்பு ஆகாது என்று டாக்டர் சொன்னதால், அதைத் தண்ணீரில் அலசி அலசித்தான் சாப்பிடுவார். சம்பந்தியம்மாள் கைப்பக்குவத்தையா இத்தனை காலம் அலசிக்கொண்டிருந்தோம் என்று நினைத்தபோது அவருக்குச் சிரிப்புக்கூட வந்தது. அப்புறம் டப்பாவிலிருந்து கையை எடுத்தார்.

"சிஸ்டர், நீங்க ஒண்ணும் சொல்லலையே?"

"சொன்னேன். முகம் தெரியாத ஒரு மனுஷனுக்காக வருஷம் தவறாம பூசை வைக்கிற பொம்பளை, அவர் உயிரோட இருக்கார்னு தெரிஞ்சா சந்தோஷப்பட மாட்டாங்களா? தனியா கூப்பிட்டுச் சொன்னேன். என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு, 'கடவுளுக்கு ஸ்தோத்திரம்'னு அழுதுட்டாங்க."

அடுப்பில் கரிக்கட்டி அணைந்துகொண்டிருந்தது. மாற்ற வேண்டும் என்று தோன்றியும் மான்சிக் எழுந்திருக்கவில்லை.

அந்த மாதம் முடிவதற்குள் ஹேரான் வந்துவிட்டாள். சக்கரம் வைத்த பெட்டியை மேட்டுப் படிகளில் தூக்க முடியாமல் இழுத்துக்கொண்டு வந்தாள். அப்பா கதவைத் திறந்ததும், "உங்க தலைமுடியெல்லாம் வெளுத்துப் போச்சே," என்றாள். பிறகு சூடான மூலையில் உட்கார்ந்துகொண்டாள்.

"மாப்பிள்ளை என்ன சொன்னார்?"

"அம்மா சொல்றதுக்கு மேல அவர் என்னைக்குப்பா பேசியிருக்கார்?"

"அந்தம்மா திட்டினாங்களா?"

"திட்டலை. ஏழைன்னு ஒரு வார்த்தை சொல்லலை. 'உயிரோட இருக்கிறவனுக்குப் பூசை வைக்கச் சொல்லி என்னைத் தெய்வக் குத்தத்துல தள்ளிட்டியே'ன்னாங்க. சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வந்து, மறுநாள் வக்கீலைக் கூப்பிட்டாங்க."

"நான்தான் அப்பவே உருப்படியா செத்திருக்கணும்," என்றார் மான்சிக். ஹேரான் அப்போதுதான் அழுதாள்.

தவக்காலத்தில் அகத்தா சிஸ்டர் வந்தார். முன்பெல்லாம் தட்டிவிட்டு உள்ளே நுழைந்துவிடுகிறவர், அன்று கதவுக்கு வெளியிலேயே நின்றார். ஹேரான் துறைமுகப் பக்கம் மீன் பதப்படுத்தும் கூடத்தில் வேலை கேட்கப் போயிருந்தாள்.

"உங்க அட்டை திரும்பக் கிடைச்சிடுச்சு," என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "விவாகரத்து பதிவானதும் ஆபீஸ்லேர்ந்தே கூப்பிட்டாங்க. இப்ப மருமகனும் இல்லை, பொண்ணுக்கும் வருமானம் இல்லை. தடை எதுவும் இல்லைன்னு சொல்றாங்க."

"அந்த அதிகாரிக்கு நன்றி சொல்லுங்க."

"மான்சிக், நான் தெரேசா அம்மா வீட்டு வாசல்ல போய் நின்னேன். கெஞ்சினேன். 'தர்மம் வேற, சம்பந்தம் வேற, சிஸ்டர்'னு சொல்லிட்டாங்க. கூடத்துக்குக் கிம்ச்சி மட்டும் வழக்கம்போல அனுப்பியிருக்காங்க." அவர் கையிலிருந்த டப்பாவை வாசலில் வைக்கவும் தெரியாமல், திருப்பி எடுத்துக்கொண்டு போகவும் தெரியாமல் நின்றார்.

மான்சிக் டப்பாவை வாங்கவில்லை.

"அந்தக் கோயில்ல என் பேருக்கு வெச்ச பூசையை நிறுத்திட்டாங்களா?"

"நிறுத்திட்டாங்க."

"நிறுத்த வேண்டாம்னு சொல்லுங்க, சிஸ்டர். அப்ப பேச்சுக்குத்தான் செத்திருந்தேன்."

அன்று டயாலிசிஸ் நாள். கோட்டை மாட்டிக்கொண்டு, புது அட்டை வாங்க அலுவலகத்தில் எந்தக் கவுண்டருக்குப் போக வேண்டும் என்று சிஸ்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அவர் படிகளில் இறங்கினார்.