ஒரு கிளைக்காக ஒரு செயின்சா

என் வீட்டுக்காரர் சிவநேசன் எதையும் சட்டென்று வாங்கிவிட மாட்டார். ஷா ஆலம் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆணி வாங்குவதென்றாலும் நாலு கடை ஏறி இறங்குவார். அவர் அரிசி குக்கர் வாங்கி முடிப்பதற்குள் பானையில் வடித்து வடித்தே எனக்குக் கை ஓய்ந்துவிட்டது. ஆனால் மரம் அறுக்கிற செயின்சா வாங்க அவர் எடுத்துக்கொண்ட காலத்துக்கு முன்னால் அதெல்லாம் ஒன்றுமே இல்லை. அவர் யோசித்துக்கொண்டிருந்த அத்தனை நாளும், பின்சந்து வேப்பமரத்தின் பட்டுப்போன கிளை பக்கத்து வீட்டுக் கூரைக்கு மேல் தொங்கிக்கொண்டே இருந்தது.

பக்கத்து வீடு சாந்தமேரி அக்காவுடையது. கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்பில் வீடுகள் எல்லாம் ஒட்டியபடி ஒரே வரிசை. அக்கா முன் ஹாலில் மெஷின் போட்டு ரவிக்கை தைக்கிறார். அவர் கணவர் ஸ்டானிஸ்லாஸ் அண்ணன் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் வளர்ந்து, ரயில்வேயிலேயே வேலை பார்த்தவர். பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகப் பின்னறையில் படுத்த படுக்கையாக இருக்கிறார். ஹாலுக்குப் பெண்கள் அளவு கொடுக்க வருவார்கள், ரவிக்கையைப் போட்டுப் பார்ப்பார்கள், அங்கே ஆம்பிளையைப் படுக்க வைக்க முடியாது. பின்னறைக்கு அஸ்பெஸ்டாஸ் கூரை. கிளை அதற்கு நேர் மேலே.

அண்ணனை அசைக்க முடியாது என்பது எங்கள் வரிசையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆள் கனம், கட்டிலும் ஆஸ்பத்திரிக் கட்டில், வாசலில் நுழையாது. யார் முதலில் சொன்னார்களோ தெரியாது. எல்லோரும் சொன்னோம், நானும் சொன்னேன். ஆகவே கிளையைத்தான் அசைக்க வேண்டும் என்று முடிவாயிற்று.

வெட்ட ஆள் இல்லாமல் இல்லை. வந்தார்கள், வந்து, மரத்தில் கட்டியிருந்த மஞ்சள் துணியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். ஒரு மலாய்க்காரத் தம்பி லோரியை விட்டே இறங்கவில்லை. ஒரு சீன அங்கிள் இறங்கினார், மரத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார், "இது சாமி மரம்லா, நான் தொட மாட்டேன்" என்று மலாயில் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

அந்தத் துணியைக் கட்டிய மகானுபாவர் என் வீட்டுக்காரர்தான். சந்தில் யார் யாரோ கிழிந்த மெத்தையும் உடைந்த சோபாவும் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்தார்கள். குப்பை போடாதே என்று போர்டு வைத்தோம். போர்டின் மேலேயே குப்பையைப் போட்டார்கள். கடைசியில் இவர் என் பழைய மஞ்சள் சேலையில் ஒரு முழம் கிழித்து மரத்தில் கட்டினார். மறுநாளிலிருந்து ஒரு ஈ காக்காகூடக் குப்பை போடவில்லை. இவருக்குத் தலைகால் புரியவில்லை. அதற்குள் லோரி ஓட்டும் நாகையா ஒரு சூலத்தைக் கொண்டுவந்து நட்டுவிட்டான். யாரோ கல் வைத்தார்கள், யாரோ குங்குமம் வைத்தார்கள். இப்போது வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் விளக்கு எரிகிறது.

"நீங்க வேதக்காரங்கதானக்கா, நீங்களே துணிய அவுத்துட்டு ஆள் வச்சு வெட்டிப்புடுங்களேன்" என்று சாந்தமேரி அக்காவிடம் கேட்டுப் பார்த்தேன்.

"எனக்கு மரத்துகிட்ட பயமில்ல கலா. வெளக்கு வைக்கிறவங்க மொகத்துல நாளைக்கி நான் முழிக்கணும்ல" என்றார்.

அதற்குப் பிறகுதான் இவர் தானே வெட்டுவதென்று கிளம்பினார். போனில் இரவு பகலாகச் செயின்சா பார்த்தார். பேர் பெற்ற கம்பெனி மெஷின் ஆயிரம் ரிங்கிட்டுக்கு மேல். சீனாவிலிருந்து வரும் பெயர் தெரியாத மெஷின் நூற்றெண்பது வெள்ளி. படத்தில் இரண்டும் ஒரே ஆரஞ்சு நிறம்.

"எப்பவாச்சும் ஒரு தடவ வெட்டுறதுக்கு எதுக்கு பெரிய பிராண்டு? இது போதும்லா" என்றார்.

"எப்பவாச்சும் வெட்டுறதுக்கு நம்மகிட்ட எங்க காடு இருக்கு? இருக்கிறது ஒரு கெளை."

"நாளைக்கி இன்னொருத்தருக்குத் தேவப்படும். பாரு, எத்தன பேரு அஞ்சு ஸ்டார் குடுத்திருக்கான்!"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துப் பார்த்தேன். அஞ்சு ஸ்டார் கொடுத்தவர்களில் முக்கால்வாசிப் பேர் மலாயில் எழுதியிருந்தது ஒன்றுதான்: பொருள் வந்துவிட்டது, இன்னும் போட்டுப் பார்க்கவில்லை. டெலிவரி தம்பி நல்லவர் என்று ஒருவர். பெட்டி நசுங்கவில்லை என்று இன்னொருவர். வெட்டிப் பார்த்தவன் எவனாவது இருக்கிறானா என்று தேடினேன், ஒருத்தனும் கிடைக்கவில்லை.

தீபாவளிக்கு முன்னால் தினமும் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. காற்றடித்தால் கிளை முனகுவது எங்கள் அடுப்படிக்கே கேட்டது. இவர் ஒரு வழியாக ஆர்டர் போட்டார். வந்த அன்றே பெட்ரோலில் எண்ணெய் கலந்து, கயிற்றை இழுத்தார். இழுத்தார், இழுத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் அது புகை கக்கிக்கொண்டு கிளம்பியபோது இவர் முகத்தில் வந்த சிரிப்பை எங்கள் கல்யாணத்தில்கூட நான் பார்த்ததில்லை. பழைய பலகை ஒன்றை வெண்ணெய் மாதிரி அறுத்துக் காட்டினார். நானும் மனசுக்குள், பரவாயில்லையே, என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம், விளக்கு வைக்க ஆள் வருவதற்குள் முடித்துவிடலாம் என்று திட்டம். கிளையில் கயிறு கட்டிச் சந்துப் பக்கமாக இழுத்துக்கொண்டால் கூரைக்கு ஒன்றும் ஆகாது என்று இவர் சொன்னார். அக்காவும் நம்பினார், நானும் நம்பினேன். ஏணியில் ஏறுவதற்கு முன் இவர் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்துச் சூடம் கொளுத்தி, கன்னத்தில் போட்டுக்கொண்டார். தான் கட்டிய துணிக்குத் தானே மன்னிப்புக் கேட்ட ஒரே ஆள் இவராகத்தான் இருக்கும். எனக்குச் சிரிப்பு வந்தது, ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

முதலில் அடியிலிருந்து கொஞ்சம் அறுக்க வேண்டும், பிறகு மேலிருந்து. அப்படித்தான் வீடியோவில் சொன்னார்களாம். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று வீடியோக்காரன் சொல்லவில்லை. இவர் அடியிலிருந்து பாதி வரை போய்விட்டார். கிளை தன் கனத்தால் இறங்கி, ரம்பத்தை இறுக்கிக் கவ்விக்கொண்டது. மெஷின் இருமிவிட்டு நின்றது. மறுபடி கிளப்ப மெஷின் கயிற்றை இழுத்தார். கயிறு கையோடு வந்துவிட்டது. என்னிடம் பழைய கைரம்பத்தை வாங்கி மேலிருந்து நாலு இழுப்பு இழுத்துப் பார்த்தார். கிளை ஒரு சத்தம் போட்டது. இவர் ஏணியிலிருந்து இறங்கிவிட்டார். ஆரஞ்சு நிற மெஷின் மேலே தொங்கியது. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"முன்னயாவது தானா விழுந்திருக்கும், விழாமலும் இருந்திருக்கும். இப்ப நாமளே அறுத்து வச்சிருக்கோம்" என்றேன். அந்த நேரத்தில் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்தான். எனக்கு அடக்க முடியவில்லை.

அப்போதுதான் நாகையா எண்ணெய்ப் போத்தலோடு சந்துக்குள் வந்தான், கூட்டாளிகள் இரண்டு பேரோடு. தொலைந்தோம், இன்றைக்கு அடிதடிதான் என்று நினைத்தேன். இவர் முந்திக்கொண்டு, "துணி கட்டுனது நான்தான் தம்பி, குப்ப போடக்கூடாதுன்னு கட்டுனேன்" என்று உளறிக்கொட்டினார். நாகையா அதைக் காதிலேயே வாங்கவில்லை. அண்ணாந்து கிளையைப் பார்த்தான், கீழே கூரையைப் பார்த்தான்.

"அதெல்லாம் பொறவு பேசலாம்ணே. இதுக்கு அடியில யாரு இருக்கா?"

"ஸ்டானிஸ்லாஸ் அண்ணன். கட்டிலு வாசல்ல நொழையாது. அவர அசைக்க முடியாது" என்றேன்.

"கட்டில எதுக்கு அசைக்கணும்? ஆள தூக்குங்க."

சொன்னபடியே விரிப்பின் நாலு மூலையையும் ஆளுக்கு ஒன்றாகப் பிடித்துத் தூக்கினார்கள். அவ்வளவுதான். ஹாலில் ஊசி குத்திய ரவிக்கையோடு நின்றிருந்த ஒரு பெண் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினாள். எங்கள் வீட்டு போர்ச்சில் இவருடைய சாய்வு நாற்காலி கிடந்தது. அதில் அண்ணனைச் சாய்த்து, இரண்டு பக்கமும் தலையணை வைத்தோம். நான் எத்தனை நாள் அந்த வீட்டுக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன், எத்தனை முறை கிளையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டிருக்கிறேன்! நாலு பேரைக் கூப்பிடுவோம் என்று ஒரு நாளும் தோன்றவில்லையே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

மழை வந்தது. எல்லோருக்கும் டின் பால் ஊற்றி டீ போட்டுக் கொடுத்தேன். அக்கா கழுத்தில் அளவு டேப்போடு நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அண்ணனுக்கு ஸ்பூனால் கொடுத்துக்கொண்டிருந்தார். அண்ணன் வாயைத் திறப்பதும் தெருவைப் பார்ப்பதுமாக இருந்தார். ஒரு காற்று அடித்தது. பின்னால் முறியும் சத்தமும், கூரை நொறுங்கும் சத்தமும் அடுத்தடுத்துக் கேட்டன.

நாகையாவும் இவரும் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டுச் சொட்டச் சொட்ட நனைந்து வந்தார்கள். நாகையாதான் சொன்னான்.

"கட்டிலு மேலதான்க்கா. தலமாட்டுல."

அண்ணன்தான் பேசினார். அவர் பேச்சு குழறும், நிறுத்தி நிறுத்தித்தான் வரும், பழகியவர்களுக்குப் புரியும்.

"விழுந்துருச்சா? ராத்திரியெல்லாம் முனகிக்கிட்டே கெடக்கும். இன்னைக்கி விழுவும், இன்னைக்கி விழுவும்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

"பயந்துகிட்டே கெடந்தீங்களாண்ணே?" என்றேன்.

"பயமில்ல கலா. விழுந்தா மேரிக்கு ஓய்வு."

நாங்கள் கிளையைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்த அத்தனை நாளும் இந்த மனிதர் அதற்கு அடியில் காத்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறார். அந்தச் செயின்சா உருப்படியாக வேலை செய்து கிளையை அழகாக இறக்கியிருந்தால், அண்ணன் இந்நேரமும் அந்தக் கட்டிலிலேயேதான் இருந்திருப்பார். இது எங்களுக்குத் தெரியாமலே போயிருக்கும். எப்போதாவது வெட்டுவதற்கு மலிவு மெஷின் வாங்கலாமா என்று யாராவது கேட்டால் நான் என்ன சொல்வது?

அக்கா ஸ்பூனைக் கீழே வைத்தார். கழுத்திலிருந்த டேப்பை உருவி, அண்ணனின் நல்ல தோளில் பட்டென்று ஒரு அடி அடித்தார்.

"ஓய்வு வேணும்னு நான் கேட்டனா? ரெண்டு வருசமா கழுவி, ஊட்டி, ஒரு நாளாவது வாயத் தொறந்து கேட்டனா? பின்னால போட்டு வச்சிருக்கா, நம்மள வேணாம்னு நெனைக்கிறான்னு நெனச்சுட்டீங்களா?"

அண்ணன் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. அக்கா அதே டேப்பைச் சுருட்டி அதைத் துடைத்தார், பிறகு அவர் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். நாகையா தலையைக் குனிந்துகொண்டு தன் கூட்டாளிகளைத் தெருப் பக்கம் தள்ளிக்கொண்டு போனான்.

இவர் எழுந்தார். மழையிலேயே அக்கா வீட்டு ஹாலுக்குப் போய், நாகையாவைக் கூப்பிட்டு, தையல் மெஷினை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வந்தார். மேலே பிளாஸ்டிக் பை போட்டு மூடியிருந்தார்.

"எங்க கொண்டு போறீங்க?" என்றேன்.

"நம்ம ஹாலுக்கு. அண்ணனுக்கு அவங்க ஹாலு வேணும்ல."

"பொம்பளைங்க ரவிக்க போட்டுப் பாக்க வருவாங்க. நீங்க எங்க போயி இருப்பீங்க?"

"அண்ணன் பக்கத்துல ஒரு நாற்காலி போட்டுக்கறேன்."

அண்ணன் இவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, நல்ல கையால் கோப்பையைக் காட்டினார்.

"டீ ஆறிப்போச்சு கலா. சூடா வேற குடு."

இரண்டு வருடத்தில் அவர் தனக்கென்று வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை. அக்கா தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார். நான் கோப்பையை எடுத்துக்கொண்டு வேகமாக அடுப்படிக்குப் போனேன்.