பச்சைக் கட்டம்

ஆன்லைன் படிவத்துக்கு வந்த பதில்களை டீச்சர்கள் படிக்கிற மாதிரி ஆக்கித் தரச் சொன்னார் தலைமையாசிரியர் சந்திரசேகர். அரை மணி நேர வேலை என்று நினைத்தேன். நான் வினோலியா, திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். சேலம் டவுனிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறேன்.

படிவத்தில் முக்கியமான கேள்வி ஒன்றுதான். ஆறாம் வகுப்புத் தமிழ்வழிப் பிள்ளைகளை வரும் ஜூனில் ஆங்கில வழிக்கு மாற்றச் சம்மதமா? முப்பத்தெட்டுப் பெற்றோரும் செல்போனிலேயே பதில் எழுதியிருந்தார்கள். ஆனால் அட்டவணையைத் திறந்தால் எழுத்து எறும்பு அளவுக்கு இருந்தது. பக்கவாட்டில் தள்ளத் தள்ள அது போய்க்கொண்டே இருந்தது.

"இதுல எது கேள்வி, எது பதிலுன்னே தெரியலீங்க டீச்சர்" என்றார் கலைமணி. அவர்தான் அந்த வகுப்பின் டீச்சர்.

நான் எழுத்தைப் பெரிதாக்கினேன். சம்மதம் பச்சை, மறுப்பு சிவப்பு. 'காரணம்' என்ற கட்டம் இடத்தை அடைத்ததால் மறைத்துவிட்டேன். பச்சை இருபத்தேழு, சிவப்பு பதினொன்று. தலைமையாசிரியர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அருமைம்மா, நாளைக்கே தாளாளர்கிட்டக் குடுத்தரலாம்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஸ்டாஃப் ரூமில் கலைமணி அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒரு பச்சைக் கட்டத்தில் விரலை வைத்தார்.

"'பாக்கலாமுங்க'ன்னு எழுதியிருக்குது. இதுக்கு ஏனுங்க பச்சை?"

"பார்க்கலாம்னா சம்மதம்தானே டீச்சர்?"

"பொண்ணு பாத்துட்டுப் போறவங்க 'பாக்கலாமுங்க'ன்னு சொன்னா, நீங்க பத்திரிகை அடிக்கக் குடுத்துருவீங்களா?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அந்த வார்த்தையைக் காதால் கேட்டிருந்தால் எனக்கும் புரிந்திருக்கும். கட்டத்துக்குள் கண்ணால் பார்த்ததால் ஏமாந்தேன். அப்படி எழுதியவர்கள் இருபத்து மூன்று பேர்.

சந்தேகம் தீர அவர்களில் ஒருவரான அங்கமுத்துவுக்குப் போன் போட்டேன். அவர் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியின் டிரைவர், எங்கோ வடக்கே போர்வெல் போட்டுக்கொண்டிருந்தார். பின்னால் இரைச்சல்.

"வேண்டாம்னுதானுங்க எழுதுனேன்" என்றார். "படிக்கவெக்கிற பள்ளிக்கூடம் கேக்கறப்ப மூஞ்சிக்கு நேரா மாட்டேன்னா சொல்றதுங்க? அதுக்குக் கீழயே காரணமும் எழுதியிருந்தேனுங்களே."

நான் மறைத்து வைத்த கட்டத்தைத் திறந்தேன். 'பாப்பா இப்பத்தான் கணக்கு புரியுதுன்னு சொல்லுது. மாத்தினா மறுபடி வாயை மூடிக்கும்' என்று இருந்தது. எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது. படிக்க வசதியாக இருக்கட்டும் என்று நான்தான் அந்தப் பிள்ளையை மறைத்திருக்கிறேன்.

அன்று மதியம் சாப்பாட்டைத் தொடவில்லை. நிறத்தையெல்லாம் அழித்தேன். ஒரு பெற்றோருக்கு ஒரு பக்கம். மேலே கேள்வி, நடுவில் பதில், கீழே காரணம், எல்லாம் அவர்கள் எழுதியபடியே. முப்பத்தெட்டுப் பக்கங்களையும் அச்செடுத்து, ஸ்டாஃப் ரூம் மேஜையில் பரப்பினேன். டீச்சர்கள் கையில் எடுத்ததைக் கீழே வைக்கவில்லை. காரணத்தோடு சேர்த்துப் படித்தால் சம்மதம் நாலு, மறுப்பு முப்பத்து நாலு.

தலைமையாசிரியர் என்னை அறைக்கு அழைத்தார்.

"பழைய தாளுதான் தாளாளருக்குப் போவோணும். அவரு மனசுல முடிவு பண்ணிட்டாரு."

"அது தப்பான தாள் சார். தப்புப் பண்ணினது நான். திருத்துறதும் நான்தான்."

"உங்களுக்கு எதுக்கும்மா இந்த ஊர் வம்பு? 'பாக்கலாமுங்க'ன்னா சரின்னுதான் அர்த்தம். நான் இந்த ஊர்க்காரன் சொல்றேன்." பச்சைத் தாளை என் பக்கம் தள்ளினார். பேனாவையும் மூடி கழற்றி வைத்தார். "தயாரித்தவர்னு கீழ ஒரு கையெழுத்துப் போடுங்க. அந்த முப்பத்தெட்டுப் பக்கத்தையும் கிழிச்சுப் போட்டுருங்க."

வேலை போனால் போகட்டும் என்று ஒரு நிமிடம் தோன்றியது, அடுத்த நிமிடம் பயமாகவும் இருந்தது. பேனாவை எடுத்து, மூடியைப் போட்டு, அவர் பக்கமே வைத்தேன்.

"பாக்கலாமுங்க சார்" என்றேன்.

அவர் முகம் கறுத்தது. அர்த்தம் என்ன என்று அவர் கேட்கவில்லை.