டோன்யா புரிட்டா கடலுக்குப் போன வழி

பிப்ரவரி பதினான்காம் தேதி காலை ஏழேகால் மணிக்கு, லுசென்டே கடல் பயிற்சிப் பள்ளியின் முற்றத்தில் பதினோரு வருடமாக நின்றிருந்த சிமெண்டுக் கப்பல் ஒன்றரை முழம் தெற்கே நகர்ந்தது. அன்று சந்தையில் பாங்குஸ் மீன் கிலோ நூற்று இருபது பெசோ, கத்தரிக்காய் முப்பது. கப்பலின் மூக்குக்கு நேரே இருந்த பப்பாளி மரம் முறிந்து விழுந்தது. பின்பக்கம் ஒன்றரை முழத்துக்கு வெயிலே படாத வெளுத்த மண் தெரிந்தது. பார்த்தவள் டெல்ஃபா ஃபவுலான் ஒருத்திதான். பள்ளிக்கு எதிராக மணிலாவில் உள்ள அரசுக் கடல்துறை அலுவலகத்துக்கு அனுப்ப ஒன்பதாவது புகார் மனுவை, மேசை கிடைக்காததால், கப்பலின் பக்கச் சுவரிலேயே வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். ‘பணிபுரிந்த கப்பலின் பெயர்’ என்ற கட்டத்தை எட்டு மனுவிலும் காலியாக விட்டவள், அன்று வந்த எரிச்சலில், கண்ணுக்கு நேரே பெரிதாக எழுதியிருந்த பெயரையே எடுத்து எழுதினாள்: டோன்யா புரிட்டா. கடைசி எழுத்து கோணிக்கொண்டு போனது, ஏனென்றால் சுவர் நகர்ந்துவிட்டது.

கேப்டன் அகாபிட்டோ லுசென்டே உண்மையிலேயே கேப்டன்தான். அதில் பொய் இல்லை. மற்ற எல்லாவற்றிலும் இருந்தது. கடலிலிருந்து இருபத்தாறு கிலோமீட்டர் உள்ளே, மனைவி வழியில் வந்த கரும்பு நிலத்தில் பள்ளி தொடங்கினார். பயிற்சிக் கப்பல் ஒன்றைக் காட்டினால்தான் அனுமதி என்று மணிலாவில் சொன்னார்கள். கப்பல் வாங்குகிற காசில் நூறில் ஒரு பங்குக்குச் சிமெண்டு வாங்கி, மூன்று அடுக்கும் புகைபோக்கியும் வைத்து ஒன்றைக் கட்டி, அம்மாவின் பெயரைப் போட்டு, அடிப்பாகம் தெரியாதபடி படமெடுத்து அனுப்பினார். பதிவுச் சீட்டு முறையாக வந்து சேர்ந்தது: டோன்யா புரிட்டா, நானூறு டன், உரிமையாளரும் தலைவரும் அ. லுசென்டே. கட்டிய கொத்தனார் கிறிஸ்புலோ வேலை தொடங்கும்போதே, அஸ்திவாரத்தில் ரத்தம் விட ஒரு சேவல் வேண்டும் என்று கேட்டிருந்தார். அந்தத் தீவில் கோழிக்கூடு கட்டினால்கூட ரத்தம் விடாமல் ஒருவரும் கட்டமாட்டார்கள். விடாத கட்டடம் நிற்காது என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

“இது கட்டடமாய்யா? கப்பல்யா, கப்பல். கப்பலுக்கு எதுக்குச் சேவல்?” என்றார் கேப்டன். சேவல் விலை மிச்சம்.

“கப்பல்தானே கேப்? சரி, அப்ப கப்பலுக்குச் செய்யறதையே செஞ்சுடறேன்” என்று கிறிஸ்புலோ தன் பையிலிருந்து ஒரு பெசோ எடுத்துக் கொடிமரத்தின் அடியில் வைத்துப் பூசினார். திறப்பு விழாவில் பாதிரியார் தீர்த்தம் தெளித்தார், எட்டு ஞானப் பெற்றோர் ரிப்பன் பிடித்தார்கள், மேயரின் மனைவி கப்பலின் மூக்கில் பாட்டிலை உடைத்தாள். தொலைக்காட்சிக்காரர்கள் வந்திருந்ததால் ஒரு சடங்கும் குறையவில்லை. கேப்டன் செய்த தவறு அந்தச் சேவலை மறுத்தது ஒன்றுதான், அதையும் அவர் சிக்கனம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கு ஆள் பிடிப்பவர்கள் திருவிழா திருவிழாவாகப் போவார்கள். வெள்ளைச் சீருடை போட்ட உயரமான பையன் ஒருவனை முன்னால் நிறுத்தி, மூன்றாம் வருடம் கப்பல் நிச்சயம், சம்பளம் டாலரில், இப்போது படி, பிறகு கட்டு என்று சொல்வார்கள். பள்ளியின் கீழ்த்தளத்திலேயே கடன் கொடுக்கும் கம்பெனி இருந்தது. நடத்தியவர் கேப்டனின் மைத்துனர். மியாகாவ் பக்கத்தில் கடலைப் பார்த்த சரிவில் அரை ஹெக்டர் நெல் வயல் வைத்திருந்த டெல்ஃபாவின் அம்மா சலூட், அந்த வயலின் பட்டாவைக் கீழ்த்தளத்தில் கொடுத்துவிட்டு மகளை மேல்தளத்தில் சேர்த்தாள். மூன்று வருடப் படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு பன்னிரண்டு மாதம் கப்பலில் இருந்தால்தான் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால்தான் வேலை. வேலை இருந்தால்தான் பட்டா. கப்பல் மட்டும் வரவில்லை. பள்ளி அவர்களை மணிலாவில் உள்ள ஆள் அனுப்பும் அலுவலகங்களுக்கு எடுபிடிகளாக அனுப்பியது. அங்கே சம்பளமில்லாமல் உழைத்தால் ஒருநாள் யாராவது மனமிரங்கிக் கப்பலேற்றுவார்கள் என்பது அந்தத் தொழிலில் ஊரறிந்த வழக்கம். டெல்ஃபா பதினான்கு மாதம் ஒரு மேலாளரின் நாயை மருத்துவரிடம் கூட்டிப்போய்க் கூட்டிவந்தாள். நாய்க்குக் குணமானது. மேலாளர் கையை விரித்துவிட்டார்.

ஊர் திரும்பி எண்ணிப் பார்த்தால் இப்படி ஏமாந்தவர்கள் அறுபத்தொரு பேர். எல்லாருக்கும் எழுத்துவேலை டெல்ஃபாதான், கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால். எட்டு மனுவுக்கும் மணிலாவிலிருந்து ஒரே பதில் வந்தது: கப்பல் பணிக்கான சான்று இணைக்கப்படவில்லை, இணைத்து மறுபடி அனுப்பவும். கப்பலே தரவில்லை என்று புகார் கொடுக்கப் போனால் கப்பலில் இருந்த சான்று கேட்கிறார்களே என்று அவள் தபால் நிலையத்திலேயே உட்கார்ந்து அழுதிருக்கிறாள். அடுத்த வருடம் மார்ச் முதல் தேதிக்குள் கடன் அடையாவிட்டால் வயல் கம்பெனிக்கு என்று கீழ்த்தளத்திலிருந்து சீட்டும் வந்துவிட்டது. அம்மா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, வயலுக்குத் தண்ணீர் கட்டப் போனாள். திட்டியிருந்தால் டெல்ஃபாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கப்பல் நகர்ந்ததைக் கிறிஸ்புலோவைக் கூட்டிவந்து காட்டினாள். அவர் முறிந்த பப்பாளியைப் பார்த்தார், வெளுத்த மண்ணை விரலால் தொட்டுப் பார்த்தார், ஒரு பழத்தை எடுத்துக்கொண்டார்.

“ரத்தம் விடலையேம்மா, இண்டாய். கட்டடமா இருந்தாத்தானே ஒரே எடத்துல நிக்கும்?”

“அப்ப இது என்னன்னு நினைக்கிறீங்க, மானோங்?”

“கப்பல்னு சொல்லித்தான் எனக்குக் கூலி குடுத்தாங்க. அதுலயும் எண்ணூறு பாக்கி.”

டெல்ஃபா அன்று மதியமே மாற்றுத்துணியும் ஒரு நோட்டும் எடுத்துக்கொண்டு ஏறினாள். நோட்டின் முதல் வரியில் எழுதினாள்: புறப்பட்ட நேரம் ஏழேகால், திசை தெற்கு, காற்று லேசு, தலைவர் கரையில். மறுநாள் கப்பல் பதினொரு முழம் போனது. வாரக் கடைசிக்குள் அறுபத்தொரு பேரும் ஏறிவிட்டார்கள். நான்கு மணி நேரம் காவல், எட்டு மணி நேரம் ஓய்வு என்று பாடத்தில் படித்தபடியே முறை போட்டுக்கொண்டார்கள். கேப்டன் மாடியிலிருந்து பார்த்துச் சிரித்தார். விளையாடட்டும், கடுதாசி எழுதுவதாவது நிற்கும் என்று மைத்துனரிடம் சொன்னார். சீருடையோடு அவர்கள் தளத்தில் நிற்பதைப் படமெடுத்து அடுத்த வருட விளம்பரத்திலும் போட்டுக்கொண்டார்.

மார்ச் மாதம் கப்பல் ஒரு நாளைக்கு எழுபது மீட்டர் என்ற நடைக்கு வந்து, அதிலேயே நிலைத்தது. வழியில் கரும்பு சாய்ந்து, கப்பல் போனபின் நிமிர்ந்துகொண்டது. ஒரு தோகைகூட ஒடியவில்லை என்பதால் விவசாயிகள் யாரும் நஷ்ட ஈடு கேட்கவில்லை. ஆள் ஏற்றிப் போகும் ஜீப்னிகள் நின்று வழிவிட்டன. நெல்வயல் நடுவே போகும்போது அடிப்பாகத்தில் சிப்பி ஒட்டியது, பையன்கள் வாரம் ஒருமுறை சுரண்டினார்கள். ஜுன்ரே என்ற தடியன், விளம்பரத்துக்கு வெள்ளைச் சீருடை போட்டு நின்ற அதே பையன், வாழைத்தோப்பைக் கடக்கும்போது நான்கு நாள் விடாமல் வாந்தி எடுத்தான்.

“திருவிழாவுல எத்தனை பேரைக் கப்பலேத்தினே, இப்ப நீ அனுபவி” என்று சொல்லிக்கொண்டே டெல்ஃபா அவனுக்கு இஞ்சித் தண்ணீர் கொடுத்தாள்.

“நானும் கடன் வாங்கித்தான் படிச்சேன். அந்தச் சீருடைக்கும் வாடகை புடிச்சாங்க தெரியுமா?” என்றான் அவன்.

ஊருக்கு ஊர் சோறும் கருவாடும் பலாக்காய்க் குழம்பும் ஏணிவழியே ஏறி வந்தன. ஊர்த் தலைவர்கள் துறைமுகக் கட்டணமாக ஒரு பாட்டு கேட்டார்கள், கப்பல் பிள்ளைகள் பாடினார்கள். உள்ளூர் வானொலியில் அரிசி விலைக்கும் மரண அறிவிப்புக்கும் நடுவில் கப்பல் இருக்குமிடத்தை வாசிக்கத் தொடங்கினார்கள். நவம்பர் புயலில் ஒரு தொடக்கப் பள்ளி மைதானத்தில் நங்கூரம் போட்டு இரண்டு நாள் கிடந்தது. பெயர்ந்து பறந்த தகரங்களுக்கு நடுவில் அது மட்டும் ஆடி ஆடி நின்றது. புயல் ஓய்ந்ததும் சலூட் பேருந்தில் வந்து இறங்கி, கையில் அரிசி மூட்டையோடு அண்ணாந்து பார்த்தாள்.

“ஏண்டி, கப்பலேறிட்டேன்னு சொல்லி அனுப்புனே. நான் பஸ்ல வந்துல்ல பாக்குறேன்.”

“போய்க்கிட்டுதாம்மா இருக்கு, நானாய்.”

“எங்கிட்டு?”

“நம்ம வீட்டுப் பக்கம்தான்.”

சலூட், மகள் இளைத்துவிட்டாள் என்று சமையல் முறைக்காரனைப் பிடித்து ஒரு மூச்சு திட்டிவிட்டு, அடுத்த பேருந்தில் போனாள். டெல்ஃபா அன்று வெகு நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள்.

கேப்டனுக்கு உறைத்தது டிசம்பரில். புதிதாகச் சேர வந்தவர்கள் முற்றத்தைப் பார்த்து, கப்பல் எங்கே என்று கேட்டார்கள். ஒரு கப்பல் அளவுக்கு வெளுத்த மண்தான் இருந்தது. அவர் வேகமாகக் காரை எடுத்துக்கொண்டு காவல் நிலையம் போனார். சார்ஜென்ட் நுஃபாபிளே அவசரப்படாத மனிதர். அவருடைய தங்கை மகன் ஒருவன் அந்தக் கப்பலில் இருந்தான்.

“என்ன காணாமப் போச்சு சார்?”

“என் கப்பலைக் கடத்திட்டானுங்கய்யா.”

“சிமெண்டுல கட்டுனதாச்சே சார். கட்டடம்னா திருட்டுப் புஸ்தகத்துல எழுத வழி இல்ல. கட்டடத்த யாரு தூக்கிட்டுப் போக முடியும்?”

“கப்பல்னு சொல்றேன்ல. எழுதுய்யா.”

“ஆதாரம் ஏதாச்சும்?”

கேப்டன் பதினோரு வருடப் பழைய பதிவுச் சீட்டை எடுத்து மேசையில் போட்டார். சார்ஜென்ட் ஒவ்வொரு சொல்லாக எழுதினார்: டோன்யா புரிட்டா என்ற கப்பல், நானூறு டன், தற்சமயம் ஓட்டத்தில் உள்ளது, அதில் பள்ளியின் மாணவர் அறுபத்தொரு பேர் பணியில் உள்ளனர், உரிமையாளரும் தலைவருமான நான் இதை உறுதி கூறுகிறேன். கேப்டன் கையெழுத்துப் போட்டார். சார்ஜென்ட் முத்திரை குத்தினார். பிறகு சைக்கிளில் போய்க் கப்பலை எட்டிப் பிடித்து, டெல்ஃபாவிடம் பணிநோட்டையும் மாணவர் பட்டியலையும் வாங்கிப் பார்த்து, தங்கள் பள்ளிக் கப்பலில் தாங்களே பயிற்சியில் இருப்பது எந்தச் சட்டப்படியும் திருட்டு ஆகாது என்று வழக்கை முடித்தார். கிளம்புமுன் புகாரின் நகல் ஒன்றை அவளிடம் நீட்டினார். டெல்ஃபா இரண்டு முறை படித்தாள். எட்டு மனுவுக்கும் கேட்ட சான்று அவள் கையில் இருந்தது, அதுவும் அந்த ஆளின் கையெழுத்தோடு. அப்படியே தளத்தில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கியவள் மாலை வரை நிறுத்தவில்லை. பத்தாவது மனு மறுநாள் தபாலில் போனது.

பிப்ரவரி பதினான்காம் தேதி காலை கிம்பால் கடற்கரை மணலில் கப்பலின் மூக்கு ஏறி நின்றபோது, பத்தாவது மனுவை விசாரிக்க மணிலாக் கடல்துறை அலுவலகம் அனுப்பிய அதிகாரி மேடம் வெனெரன்டா சிபால் குடை பிடித்துக்கொண்டு காத்திருந்தார். சார்ஜென்ட் கேப்டனையும் அழைத்து வந்திருந்தார். மேடம் முந்நூற்று அறுபத்தைந்து நாளின் பக்கங்களையும் ஒன்றுவிடாமல் புரட்டினார். காவல் முறை, காற்று, திசை, புயல், சிப்பி சுரண்டியது எல்லாம் முறையாக இருந்தன.

“இது தண்ணியில மிதக்குமாம்மா?” என்று கேட்டார்.

“படிவத்துல அப்படி ஒரு கட்டம் இல்லையே மேடம்” என்றாள் டெல்ஃபா.

மேடம் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இல்லைதான். அப்புறம் கேப்டன் பக்கம் திரும்பி, இது கப்பலா இல்லையா என்று நீங்களே சொல்லிவிடுங்கள் என்றார். இல்லை என்றால் பன்னிரண்டு வருடமாக அரசை ஏமாற்றியதற்குச் சிறை. ஆமென்றால் அறுபத்தொரு கையெழுத்து. கேப்டன் கடலைப் பார்த்தார், சார்ஜென்டைப் பார்த்தார், பேனாவைக் கேட்டு வாங்கினார். முப்பதாவது சான்றிதழில் கை மரத்துப்போய் இடது கையால் பேனாவைத் தாங்கிக்கொண்டார். அவர் எழுந்திருக்கப் போனபோது மேடம் இன்னொரு தாளை வைத்தார். பயிற்சியில் இருப்பவருக்குக் கப்பல் உரிமையாளர் மாதப்படி கொடுக்க வேண்டும் என்பது விதி. பன்னிரண்டு மாதப் பாக்கி, ஆளுக்கு ஆள், கீழ்த்தளத்துக் கடனுக்குச் சரியாகப் போய்க் கொஞ்சம் மிஞ்சியது. மைத்துனர் அன்று மாலையே பட்டாக்களைப் பெட்டியோடு கொண்டுவந்து மணலில் வைத்தார். டெல்ஃபா பேருந்து பிடித்து மியாகாவ் போய்ச் சேர்ந்தபோது அம்மா வரப்பில் நின்றுகொண்டிருந்தாள். பட்டாவை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, முந்தானையில் முடிந்துகொண்டு, முதல்முறையாக மகளை வாய் ஓயும் வரை திட்டினாள். இருவரும் அழுதார்கள்.

மறுநாள் கிம்பாலில் கிறிஸ்புலோவும் அறுபத்தொரு பேரோடு ஏற, கடலில் ஓதம் பெருகி வந்தபோது கப்பல் தண்ணீரில் இறங்கியது. மிதந்தது. வலது பக்கம் கொஞ்சம் சாயும், அந்தப் பக்கத்துக்குச் சிமெண்டு அதிகம் போய்விட்டது என்று கிறிஸ்புலோ ஒப்புக்கொண்டார். பள்ளி மூடி அங்கே மறுபடி கரும்பு போட்டார்கள். மிஞ்சிய பாக்கிக்குக் கேப்டன் கப்பலையே பிள்ளைகள் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அறுபத்தொரு பேரில் பாதிப்பேர் பெரிய கப்பல்களுக்குப் போனார்கள். டெல்ஃபா உட்பட மற்றவர்கள் டோன்யா புரிட்டாவிலேயே தங்கி, உப்பும் மாம்பழமும் ஏற்றித் தீவுக்குத் தீவு ஓட்டுகிறார்கள், சம்பளம் பெசோவில், மாதம் பிறந்தால் கைக்கு வரும். இப்போது தினமும் காலையில் மியாகாவ் சரிவுக்குக் கீழே அது ஒருமுறை சங்கு ஊதிவிட்டுப் போகும். நடவு நேரமென்றால் சலூட் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

“ஏழேகாலாயிடுச்சு, அடுத்த கட்டு நாத்தை எடுங்கடி” என்று மற்றப் பெண்களிடம் சொல்லிவிட்டுத் தன் வயலில் நட்டுக்கொண்டே போகிறாள்.