பாசி பிடித்த முகம்

அந்த வாயில் கோபுரத்துக்கு எழுநூறு வயது என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. அந்த இடத்தில் போன வருஷம்வரை இடுப்புயரத்துக்கு ஒரு இடிந்த சுவரும், அதில் சாய்த்துக் கட்டிய கோழிக்கூடும்தான் இருந்தன. ஊரே பார்த்ததுதான். ஆனால் இத்தாலிக்கு நடுவே சான் மரினோ மாதிரிக் கைக்குட்டை அளவு நாட்டுக்குப் பழம்பெருமைதான் வேலி என்று ஆட்சியிலிருந்த கறுப்புச் சட்டை பாசிசக் கட்சிக்காரர்கள் முடிவு கட்டியிருந்தார்கள். கோழிகளைக் கேட்டா செய்வார்கள்?

கல் புதுசு, பார்வைக்குப் பழசாக வேண்டும். அதற்குத்தான் ஆர்ஜியா, பல்மீரா என்ற இரண்டு பெண்களை வேலைக்கு வைத்திருந்தார்கள். புளித்த தயிரில் சாணியும் புகைக்கரியும் கரைத்து, காட்டுப்பாசியைப் பிய்த்துப் போட்டு, சாரத்தில் ஏறிக் கல்லுக்குக் கல் பூசுவார்கள். நாற்றம் குடலைப் பிடுங்கும். பத்து நாளில் பச்சை பிடித்துவிடும்.

அன்று காலை கோபுர உச்சியில், மதில் பற்களுக்குக் கீழே கடைசி வரிசைக்கு வந்தபோதுதான் ஆர்ஜியா அந்தத் தலையைப் பார்த்தாள். தாங்குகல் ஒன்றின் நுனியில், சாரப் பலகைக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. தொங்கிய கீழுதடு, பாதி மூடிய இடது கண், மூக்கோரம் பட்டாணி அளவு மரு. போதாததற்கு நாக்கை வேறு நீட்டிக்கொண்டிருந்தது.

கட்சிச் செயலாளர் ராஸ்தெல்லியின் முகம் அது. செதுக்கியது யார் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. இந்தக் கோபுரத்தில் தலை செதுக்கத் தெரிந்தவன் அவள் புருஷன் நேவியோ ஒருவன்தான். போன குளிர்காலத்தில் சாராயக்கடையில் ஏதோ சொன்னான் என்று ராஸ்தெல்லியின் ஆட்கள் அவனைத் தூணில் கட்டி, வாயில் விளக்கெண்ணெயை ஊற்றினார்கள். ராஸ்தெல்லி நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். மறுவாரமே நேவியோ பிரான்சுக்குச் சுரங்க வேலைக்குப் போய்விட்டான். போவதற்குமுன் இந்த வேலையைச் செய்திருக்கிறான், பாவி. வருகிற சனிக்கிழமை, கீழே ரிமினி நகரிலிருந்து வரும் ரயிலில் திரும்பி வருகிறான். வியாழக்கிழமை திறப்பு விழா.

பல்மீரா எட்டிப் பார்த்தாள். "அடியே, இது நம்ம…"

"அக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், வாயத் தொறக்காதீங்க."

"நான் தொறக்கலடி. அதுதான் தொறந்திருக்கு." சிரிக்கப் போனவள், ஆர்ஜியாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கினாள். "சுத்தியலால ஒரு போடு போட்டுரு."

"கீழ கட்சி ஆளு ஒருத்தன் காவலுக்கு நிக்கிறான். சத்தம் கேட்டா மேல வந்துருவான்."

வாளியில் இருந்ததை எல்லாம் அந்த முகத்தில் அப்பினாள். புதன்கிழமை அடித்த மழை அதைத் துப்புரவாகக் கழுவிவிட்டுப் போனது. சாயங்காலம் சாரத்தையும் பிரித்துவிட்டார்கள். அன்றைக்கு அவள் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

விழாவுக்கு எக்காளம் ஊதினார்கள், வண்ணக் காலுறை மாட்டிய வில்லாளிகள் வரிசை கட்டினார்கள். பொலோஞா பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பேராசிரியரை வரவழைத்திருந்தார்கள். ஆர்ஜியா கூட்டத்தின் நடுவில் பல்மீராவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேராசிரியர் கைத்தடியை ஒவ்வொரு கல்லாக நீட்டி நீட்டிப் பேசிக்கொண்டே போனார். அந்தத் தலைக்கு வந்ததும் தடி நின்றது.

"அடடா. இதப் பாருங்க. பதிமூணாம் நூற்றாண்டு. சந்தேகமே வேண்டாம். எதிரிக்கு நாக்க நீட்டிக் காட்டுற படைத்தலைவன். இந்த மாதிரி முகத்த இப்ப எவனால செதுக்க முடியும்?"

ஊரே அண்ணாந்து பார்த்தது. பிறகு ராஸ்தெல்லியைப் பார்த்தது. பிறகு தன் செருப்பைப் பார்த்தது. யாரோ இருமினார்கள். பல்மீராவின் கையில் தன் நகம் பதிவதுகூட ஆர்ஜியாவுக்குத் தெரியவில்லை.

ராஸ்தெல்லி வெகுநேரம் மேலே பார்த்தார். அவர் கை தானாக மூக்கோரத்து மருவுக்குப் போனது, பாதியில் இறங்கியது. பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"எங்க குடும்பம் இந்த மலையில ரொம்பப் பழசுன்னு எங்கப்பா சொல்லுவார்," என்றார். "இன்னிக்கித்தான் சாட்சி கெடச்சிருக்கு."

முதலில் கை தட்டியது பேராசிரியர். அப்புறம் எல்லோரும் தட்டினார்கள், நிறுத்தப் பயந்துகொண்டு தட்டினார்கள். ஆர்ஜியாவும் தட்டினாள். தப்பித்தோம் என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

கூட்டம் ஒயினுக்கும் பன்றிக்கறி வைத்த பியாதீனா ரொட்டிக்கும் கலைந்தபோது ராஸ்தெல்லி அவளிடம் வந்தார்.

"நல்லாப் பூசியிருக்கம்மா. ஒன் வீட்டுக்காரன் சனிக்கிழம வர்றானாமே?"

"ஆமாங்கய்யா."

"அந்தத் தலையச் செதுக்குனவன் எழுநூறு வருஷத்துக்கு முன்னாடியே செத்தாச்சு. பேராசிரியரே சொல்லிட்டார். நாளைக்குப் பேப்பர்ல வரும், பள்ளிக்கூடத்துல பாடமா வைக்கப் போறோம்." சட்டையில் ஒட்டியிருந்த ரொட்டித் துகளைத் தட்டிவிட்டார். குரல் உயரவே இல்லை. "செத்தவன் ரயில்லேர்ந்து எறங்கி வந்தா நாட்டுக்கு நல்லா இருக்குமா? நீயே சொல்லு."

அவள் விரலில் காய்ந்திருந்த பாசியைச் சுரண்டினாள்.

"வந்தா, மறுபடியும் சாகடிக்க வேண்டியதாப் போயிரும். அந்த வேலைய எங்களுக்கு வைக்காத. அப்புறம், அந்த மொகத்துல உளித்தடம் புதுசாத் தெரியுது. ஏணி போடச் சொல்றேன். கவனிச்சுக்க."

தபால் நிலையத்தில் 'வராதே' என்று தந்தி கொடுத்தாள். காரணம் எழுதவில்லை. எழுதினால் யார் யார் படிப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். சுரங்க வாசலில் நின்று அதைப் படிக்கும்போது அவன் என்ன நினைப்பான்? பெண்டாட்டிக்குத் தான் வேண்டாமாகிவிட்டதாகத்தானே நினைப்பான்?

சனிக்கிழமை ஏணியில் நின்றிருந்தாள். கீழே மலையைச் சுற்றிச் சுற்றி ரிமினி ரயில் ஏறி வரும் சத்தம் கேட்டது. தயிர் மணிக்கட்டில் வழிந்தது. அந்த முகத்தின் தாடைக்கடியில் நேவியோவின் உளி சாய்வாக இழுத்த கோடுகள் இருந்தன. இடதுகைக்காரன், அவன் கோடு எப்போதும் அந்தப் பக்கம்தான் சாயும். கல்யாணப் பெட்டியில் அவளுக்காகச் செதுக்கிய திராட்சைக் கொடியிலும் அப்படித்தான். ரயில் வந்து நிற்கும்வரை அவள் அவற்றை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு ஒவ்வொரு கோடாகப் பூசி மறைத்தாள், ஒன்றுகூட விட்டுப்போகாமல்.