மன்னன் ஆண்டாள்

சார்ட்டின் நடுவில் சிவப்பு மையில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் 'மன்னன் ஹட்செப்சுட் எகிப்தை ஆண்டாள்' என்ற வரி. ஓரத்தில் எனக்கு நன்றாகப் பழகிய கையெழுத்து: 'பால் வழு. அரசி எனத் திருத்துக.'

எழுதியவர் தமிழய்யா. பள்ளியில்தான் தமிழய்யா, வீட்டில் என் கணவர். நான் ஏழாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கிறேன். மறுநாள் பெற்றோர் வந்து பார்க்கும் கண்காட்சி. தமிழய்யா கையெழுத்துப் போடாத எதுவும் சுவரில் ஏறாது.

சார்ட் 'கேள்விக்குறி'யுடையது. முதுகை வளைத்து உட்காருவாள், ஓயாமல் கேள்வி கேட்பாள். இரண்டுக்கும் சேர்த்து வகுப்பு வைத்த பெயர்.

"டீச்சர், நான் திருத்த மாட்டேன்."

"அரசின்னு போட்டுட்டுப் போவியா?" என்றாள் பக்கத்து இருக்கைக்காரி. "இல்லன்னா சார்ட்டே மாட்ட முடியாது. அவ்வளவு நேரம் உக்காந்து தாடி வரைஞ்சது வீணாப் போகும்."

"போகட்டும். திருத்தினா பொய்யாயிடும்."

அந்தத் தாடியை வகுப்பில் முதலில் காட்டிய நாளில் எல்லோரும் சிரித்தார்கள். மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் எகிப்தை ஆண்ட ஒரு பெண், மன்னர்கள் கட்டிக்கொள்ளும் பொய்த்தாடியோடு சிலையில் நிற்கிறாள்; கல்வெட்டு மட்டும் அவளைப் பெண்பாலில் சொல்கிறது. அந்த நிமிடமே 'தாடியக்கா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். சிரிக்காதவள் இவள் ஒருத்திதான். "அவ ஏன் டீச்சர் எழுத்துல மட்டும் பொம்பளையாவே இருக்கா?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மீதியை அவளே தேடிப் படித்தாள்.

இரவுச் சாப்பாட்டின்போது கணவரிடம் நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், விஷயம் முடிந்துவிடும். ஆனால் அப்போது அந்த வரி என்னுடையதாகிவிடும். சிலருக்குப் பரிந்து பேசுவதுகூட அவர்களிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொள்வதுதான்.

"நீயே போய்க் கேளு," என்றேன். "நான் கூட வரேன். வாயைத் திறக்க மாட்டேன்."

ஆசிரியர் அறையில் தமிழய்யா விடைத்தாள் கட்டுக்குப் பின்னால் இருந்தார். மூலையில் பி.டி. மாஸ்டர் பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, திருத்திட்டியா?"

"இல்லைங்கய்யா."

அவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"மன்னன் ஆண்பால், ஆண்டாள் பெண்பால். எப்படிம்மா ஒட்டும்? அரசி ஆண்டாள்னு எழுது. இல்லன்னா மன்னன் ஆண்டான்னு எழுது."

"அவங்க கல்வெட்டுலயே ஒட்டாமத்தாங்கய்யா இருக்கு." மேசையில் கிடந்த துண்டுத்தாளில் ஒரு சின்ன அரைவட்டம் போட்டாள். "இது ரொட்டி. அவங்க எழுத்துல சொல்லோட கடைசியில இது வந்தா பெண்பால். நம்ம 'ள்' மாதிரி. சிலையில ராஜா தாடி, ராஜா கிரீடம். எழுத்துல ரொட்டி."

"செதுக்கினவனுக்கு இலக்கணம் வராம இருந்திருக்கும்."

பி.டி. மாஸ்டர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"தெரிஞ்சேதான் செதுக்கினான். அரசின்னு நாம சொல்ற இடத்துல அவங்க மொழியில 'ராஜா பொண்டாட்டி'ன்னுதான் சொல் இருக்கு. முதல்ல அவ அப்படித்தான் இருந்தா. புருஷன் போனப்புறம் சின்னப் பையனுக்காக நாட்டைப் பாத்துக்கிட்டா. அப்புறம் நானே ராஜான்னு சொல்லிட்டா. அவளைத் திரும்பவும் ராஜா பொண்டாட்டியா ஆக்கச் சொல்றீங்க."

பம்பின் சத்தம் நின்றது. என் கணவரின் மௌனங்கள் எனக்குத் தெரியும். கோபமென்றால் உதடு இறுகும். யோசனையென்றால் கண்ணாடி கழலும். கண்ணாடி கழன்றது.

"சரி, ஒரு வழி இருக்கு. வழுவமைதின்னு ஒண்ணு உண்டு. மகளை 'வாடா ராஜா'ன்னு கூப்பிடறோம். தப்புதான். ஆனா ஆசையில சொல்றதால இலக்கணம் ஏத்துக்குது. கீழ சின்னதா 'பால் வழுவமைதி'ன்னு போட்டுடு. இப்பவே கையெழுத்துப் போடறேன்."

அவர் இவ்வளவு இறங்கி வந்து நான் பார்த்ததில்லை. வாங்கிக்கொள் பெண்ணே, என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவள் சார்ட்டில் அந்தத் தாடியின் மேல் விரலை வைத்தாள்.

"ஐயா, அப்படிக் கூப்பிட்டா மக ராஜா ஆயிடறாளா?"

"அது எப்படி ஆவா?"

"இவ ஆயிட்டா. இவளை யாரும் ஆசையில கூப்பிடலை. செத்தப்புறம் உளியோட போய்ப் பேரைச் சுரண்டியிருக்காங்க. ஆசையிருந்தா சுரண்டுவாங்களா? அப்படியும் பல இடத்துல ரொட்டி தப்பிச்சிருச்சு. அதை வெச்சுத்தான் தாடிக்காரர் பொம்பளைன்னே பின்னாடி கண்டுபிடிச்சாங்க. வழு எனக்குப் பரவாயில்லைங்கய்யா. அமைதிதான் வேண்டாம்."

"ஐயா, நீங்க அவுட்டு," என்றார் பி.டி. மாஸ்டர்.

தமிழய்யா சிவப்புப் பேனாவைத் திறந்தார். தான் எழுதியதையே குறுக்கே அடித்தார். கீழே கையெழுத்துப் போட்டார்.

"இலக்கணப்படி இது தப்புதான். நாளைக்கு யாராவது கேட்டா என்கிட்ட அனுப்பாதே. நீயே பதில் சொல்லிக்கோ."

"சொல்லிக்கிறேங்கய்யா."

வெளியே வந்ததும் என்னிடம் எதுவும் கேட்காமல் சார்ட்டைச் சுருட்டிக்கொண்டு ஓடினாள். நான் தாழ்வாரத்தில் கொஞ்ச நேரம் தனியாக நின்றேன். இத்தனை ஆண்டுகள் நடத்திய பாடமெல்லாம் எங்கே போகிறது என்று அடிக்கடி நினைத்துக்கொள்பவள் நான். அன்று நினைக்கவில்லை.

மறுநாள் கூடம் நிறைந்திருந்தது. ஒரு தகப்பன் சார்ட்டில் விரலை வைத்து, "என்னம்மா, பெரிய எழுத்துலயே தப்பு விட்டிருக்கே?" என்றார்.

"தப்பில்லைங்க. கொஞ்சம் நில்லுங்க, சொல்றேன்," என்றாள் கேள்விக்குறி.

அவர் நின்று கேட்டார். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். கூட்டம் சற்றுக் குறைந்தபோது வாசல் பக்கம் தமிழய்யாவின் குரல் கேட்டது. யாரோ ஒருவரின் தோளில் கை போட்டு அவரே உள்ளே அழைத்து வந்துகொண்டிருந்தார்:

"வாங்க, வாங்க. இங்க ஒரு பிழை இருக்கு. முடிஞ்சா திருத்திட்டுப் போங்க பாப்போம்."